ஊரை இடமாகச் சுற்றியவர்

வேலை வெட்டி இல்லாமல் ஒரு மனுசன் தினமும் ஊரைச் சுற்றுவானா? மருதுவுக்கு அதுதான் பிடிபடவில்லை. பழங்காநத்தத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஹரிராம், சோழவந்தானுக்குப் பக்கத்தில் இந்தச் சின்ன ஊரில் வீடு பிடித்துக் குடிவந்து ஒரு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. விடிந்ததும் கிளம்புவார். கண்மாய்க் கரை, மருதுவின் வெற்றிலைக் கொடிக்கால் ஓரம், களத்துமேடு என்று ஒரு வட்டம் போட்டுவிட்டுக் கிளம்பிய வாசலுக்கே வந்து சேருவார். கையில் ஒரு கட்டுக் கீரைகூட இருக்காது. புறப்பட்ட இடத்துக்கே வருவதற்கு எதற்கய்யா புறப்பட வேண்டும்?

சரி, சுற்றிவிட்டுப் போகட்டும். ஆனால் அவர் இடமாக அல்லவா சுற்றுகிறார்! சாமியை வலமாகச் சுற்றுவார்கள். இடமாகச் சுற்றுவது இழவுக்குத்தான்.

அவர் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் மருதுவின் கொடிகளும் இலை மஞ்சளாகிப் பழுக்க ஆரம்பித்தன. அவன் அப்பன் கடைசிவரை கூலிக்கு வேலை பார்த்தவர். அந்தக் குடும்பத்தில் குத்தகைக்கு நிலம் பிடித்து வெள்ளாமை வைத்த முதல் ஆள் மருதுதான். கொடி போனால் நிலமும் போகும், மறுபடி கூலிதான். அதை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"மழைத்தண்ணி நிக்கிது, அதான் பழுக்குது. வடிகாலை வெட்டி விடுங்க," என்றாள் மனைவி ராமக்காள். பெண்டாட்டி சொன்னால் எந்த ஆம்பளை கேட்டான்?

அவன் கேட்டது டீக்கடைப் பேயாண்டி சொன்னதைத்தான். "மாப்ள, அந்த ஆளு ஒன் கொடிக்காலுக்கு வடக்கு மூலையில குனியிறாரு. தெக்கு மூலைக்குப் போயி மறுபடி குனியிறாரு. செய்வினைத் தகடு கிகடு புதைக்கிறாரோ என்னமோ. எனக்கென்னத்துக்கு வம்பு," என்று கொளுத்திப் போட்டுவிட்டு அவன் கிளாஸ் கழுவப் போய்விட்டான்.

மறுநாள் விடியலில் மருது வேலிக்கு உள்ளிருந்து பார்த்தான். கீற்றுக்கு மேலே தலை மட்டும் தெரிந்தது. பேயாண்டி சொன்னபடியே இரண்டு மூலையிலும் அது குனிந்து எழுந்தது. அடப்பாவி!

மண்வெட்டியை எடுத்தவன்தான். வடக்கு மூலையைத் தோண்டினான், தெற்கு மூலையைத் தோண்டினான். ஒன்றும் இல்லை. இல்லாததால் சந்தேகம் இன்னும் கூடியது. ராத்திரி வந்து உள்ளே புதைத்திருப்பானோ என்று வரிசை வரிசையாகக் கொத்தினான்.

"வேரெல்லாம் அறுபடுது," என்று ராமக்காள் அழுதாள்.

"பேசாம இரு. இன்னைக்கு விட்டா நாளைக்குக் கூலிக்குப் போகணும்," என்றான்.

அடுத்த நாள் கொடிகளுக்குள் பதுங்கியிருந்தான். தலை குனிந்ததுதான் தாமதம், வேலியைப் பிரித்துக்கொண்டு பாய்ந்து ஹரிராமின் கையைப் பிடித்தான்.

"என்னத்தப் புதைக்கிறீங்க? கையக் காட்டுங்க."

கையில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது.

"புதைக்கிறதா?" ஹரிராம் மிரண்டு போனார். "கொடிக்கால் பக்கம் செருப்புக் காலோட போகக் கூடாதாம்ல தம்பி, கொடி பட்டுப் போகும்னு எங்க பக்கத்து வீட்டுச் சோணையம்மாள் சொன்னாங்க. அதான் இங்க கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, அந்த மூலையில போயி மாட்டிக்கிடுவேன்."

மருதுவின் பிடி தளர்ந்தது. "அப்ப ஏன் சார் இடமா சுத்துறீங்க?"

"கண்ணு ஆபரேசன் பண்ணியிருக்கேன்ப்பா. அந்தப் பக்கமா வந்தா கண்மாய்க் கரையில வெயில் நேரா மூஞ்சியில அடிக்குது."

மருது தலையைத் தொங்கப் போட்டான். அப்போதுதான் தன் காலைப் பார்த்தான். தோண்டுகிற வெறியில் நேற்று முழுக்க அவன் கொடிக்காலுக்குள் செருப்போடுதான் திரிந்திருந்தான். இப்போதும் செருப்போடுதான் நின்றான்.

ஹரிராம் வேலிச் சந்து வழியாக எட்டிப் பார்த்தார். குழி குழியாகக் கிடந்த மண்ணையும் வேர் அறுந்து துவண்டு கிடந்த கொடிகளையும் பார்த்து அவர் முகம் வாடிவிட்டது.

"அடடா, இம்புட்டையும் நாசம் பண்ணிருச்சே. பன்னி எதுவும் புகுந்துருச்சா தம்பி?"

"ஆமா சார்," என்றான் மருது. "பன்னிதான்."