மாவுக்கட்டு இறுகும் வரை

...அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான், கட்டு இறுகும் வரை இப்படியே பிடித்திருந்தால் எலும்பு நேராகக் கூடிவிடும் என்று டாக்டர் ஹர்ஷினி சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார், போகிறபோது வேறு என்னமோகூடச் சொன்னார், இசக்கிப்பாண்டி எங்கே கேட்டான், பெண்டாட்டி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து கை ஒடிந்ததிலிருந்து பாண்டிமீனாவின் முகம் சுண்டிப்போய்க் கிடக்கிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்க இவள் கையைப் பிடித்ததுண்டா... வெள்ளை வெளேரென்று ஈரக் கட்டு, ஜிப்சம்தானாம் இது, என்றைக்கோ ஒரு கடல் வற்றிப் படிந்த கல்லாம், வறுத்தால் உள்ளே இருக்கிற தண்ணீரை விட்டுப் பொடியாகிவிடுமாம், திரும்பத் தண்ணீரைக் காட்டினால் குடித்துவிட்டு மறுபடி கல்லாகிவிடுமாம். ஜிப்சம் இவனுக்குத் தெரியாததா? வெம்பக்கோட்டையில் அப்பாவின் கடலைக் காட்டுக்கு உரமாக மூட்டை மூட்டையாகச் சுமந்தவன், கட்டியை எடுத்து நகத்தால் கீறினால் கோடு விழும், பேருக்குத்தான் கல், இதை நம்பியா இவள் எலும்பை விடுவது, கோணலாகக் கூடிவிட்டால்? விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியில் இவளைப் போலச் சரவெடி பின்ன ஆள் கிடையாது, அதுகூடப் போகட்டும், இனித் தலை பின்னவே அடுத்தவளைக் கூப்பிடணுமா என்று காலையிலிருந்து அழுகிறாள் பாவம்.

சுட்டது. தன் உள்ளங்கைச் சூடுதான் என்று முதலில் நினைத்தான், இல்லை, கட்டுக்குள்ளிருந்து வருகிறது, அடுப்பில்லை, வெயிலில்லை, ஈரம் பட்ட பொடி தானாகச் சூடாகிறது... அதே கம்பெனியில் வெடிமருந்து கலக்கிறவனுக்கு இதைவிடக் கெட்ட சேதி உண்டா? கலவையில் ஈரம் பட்டுச் சூடு கண்டால் போட்டுவிட்டு ஓடு, பக்கத்தில் யாரென்று பார்க்காதே, சாமியைக்கூட வெளியே வந்து கும்பிட்டுக்கொள், போர்மேன் சீனிவாசகம் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது. ஓடு என்கிறது உடம்பு, ஏலே இது ஆஸ்பத்திரி, எதிர்க் கட்டில்காரர் இட்லி தின்றுகொண்டிருக்கிறார், ஆனால் ஏறுகிறதே, இன்னும் ஏறுகிறதே, இவளை எப்படிப் போட்டுவிட்டு... கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

எவ்வளவு நேரமோ, சூடு ஓரிடத்தில் நின்று மெல்ல இறங்கியது. கட்டைத் தட்டிப் பார்த்தான், டொக்கென்றது. பாண்டிமீனா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், வலியை மறந்த மாதிரி.

"சுடும், பயப்படாதீகன்னு டாக்டரம்மா சொன்னாகளே, நீங்க கேக்கலையா?"

"கேக்கல புள்ள."

"அப்ப வேர்த்துக் கொட்டுனது அதுக்குத்தானா?" என்றவள், சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, மெதுவாக, "ஒங்க காலப் பாருங்க" என்றாள்.

குனிந்து பார்த்தான். இரண்டு காலும் வாசலைப் பார்த்துத் திரும்பி, ஓடப் போகிறவன் கால் மாதிரி ஒன்று முன்னால் ஒன்று பின்னால் நின்றன, எப்போது திரும்பின? கை மட்டும் அவள் கையை விடவில்லை. அவள் சிரித்தாள், கோபமில்லாத சிரிப்பு, அவனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை, கட்டுப் பிரித்ததும் இவளும் கம்பெனிக்கு வருவாள், அவன் கலக்குகிற அறைக்குப் பக்கத்து ஷெட்டில்தான் உட்காருவாள், அங்கே ஒருநாள் நிஜமாகவே சூடு கண்டால்... இந்தக் கை சொல்வதைக் கால் கேட்குமா?