ரெஜினாவின் முகத்தில் தெரியும் வாசனை

கோப்பையின் ஆவி ரெஜினாவின் மூக்குக்கண்ணாடியில் படிந்து கலைகிறது, வசுமதி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், புருவம் ஏறினால் துளசி தூக்கல், உதடு குவிந்தால் நெல்லி அதிகம், கண் மெல்ல மூடினால் எல்லாம் சரி, மாசியில் வந்த காய்ச்சல் வசுமதியின் மோப்பத்தைக் கொண்டுபோனதிலிருந்து இப்படித்தான், ஏற்காட்டில் இருவரும் சேர்ந்து நடத்தும் மூலிகைத் தேநீர்க் கொட்டகையில் கலவை போடுகிறவள் அவள், மூக்கு செத்துப்போன கலவைக்காரியிடம் யார் வாங்குவார்கள், ரெஜினாவிடம்கூட அவள் சொல்லவில்லை. வெயிலில் காய்ந்த துளசியில் வைக்கோல் அடிக்கும், நிழலில் காய்ந்ததில் கிராம்பு எட்டிப் பார்க்கும், வெந்நீர் ஊற்றியதும் மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் மணமும் குணமும் ஆவியோடு போய்விடும் என்று எல்லோருக்கும் சொன்னவள் அவள், கனவில் இன்னும் வருகிறது அந்தக் கிராம்பு மணம், எட்டிப் பிடிப்பதற்குள் விழிப்பு வந்துவிடும், விழித்தால் வெறும் காற்று, இப்போது ரெஜினாவின் முகமும் வெறுமையாக இருக்கிறது, என்னடி, எப்படி இருக்கு என்றாள் வசுமதி, சளி பிடிச்சிருக்குக்கா, எனக்கு ஒண்ணும் தெரியலை, நீயே பார்த்துச் சொல்லு, சேலம் வண்டி வந்துடும் என்றாள் ரெஜினா.

சேலத்துக்கு அனுப்பக் கட்டிவைத்த மூட்டைக்குள் கையை விட்டாள் வசுமதி, விடாத மழை, சடக்கென்று ஒடிய வேண்டிய எலுமிச்சைப்புல் வளைகிறது, அடியில் பூஞ்சை பூத்துக் கிடந்தால் மூக்குதானே சொல்ல வேண்டும், சேலத்துக் கடைக்காரரின் அம்மா புற்றுநோய்க்கு மருந்தெடுத்துக்கொண்டே இதைத்தான் குடிக்கிறார், வாசலில் ஹாரன் அடித்தது, அனுப்ப வேண்டாம் என்றாள். ஏன்க்கா, வாசம் கெட்டிருக்கா என்று ரெஜினா எழுந்தாள், தெரியாதுடி, மாசியிலேர்ந்து எனக்கு எந்த வாசமும் தெரியாது, சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

அப்போ இத்தனை மாசமும் என் மூஞ்சியைப் பார்த்தா கலந்தே என்றாள் ரெஜினா, வீட்டுக்காரரோட சண்டை போட்டுட்டு உர்ர்னு உட்கார்ந்திருந்தேனே, அன்னிக்கு? அன்னிக்குத் துளசியைப் பாதியாக் குறைச்சேன், அதைத்தான் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேக்கறாங்க என்றாள் வசுமதி, ரெஜினா சிரிக்கவில்லை, விறுவிறுவென்று போய் வண்டியைத் திருப்பி அனுப்பினாள், வந்து மூட்டையைத் தரையில் கவிழ்த்தாள், அடிப்புல்லில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை அப்பியிருந்தது.

பிறகு ரெஜினா ஒரு துண்டு சுக்கை வசுமதியின் வாயில் திணித்தாள், எரியுதா, எரியுது, புதினா இலையைத் திணித்தாள், இது, ஜில்லுனு இருக்கு, நெல்லி, புளிக்குது, துவர்க்குது, அழுகை முட்டிக்கொண்டு வந்தது வசுமதிக்கு. நாக்கு இருக்கில்ல, அது போதும், மூக்குக்கு வேற ஆள் பார்த்துக்கலாம், இனிமே எங்கிட்ட மறைச்சே, தெரியும் சேதி என்றாள் ரெஜினா.

சுக்கு, நெல்லி, புதினா, எரிச்சலையும் புளிப்பையும் குளிர்ச்சியையும் மட்டுமே நம்பி வசுமதி ஒரு பிடி எடுத்தாள், வெந்நீர் ஊற்றி மூடினாள், பொறுத்திருந்து கோப்பையை நீட்டினாள், ஆவி கண்ணாடியில் படிகிறது, இந்த முறை ரெஜினாவின் முகத்தைப் பார்க்கவில்லை, எப்படி இருக்கு, வாயைத் திறந்து சொல்லு என்றாள், ரெஜினா மூக்கை உறிஞ்சினாள், சூடா இருக்குக்கா, அவ்வளவுதான் தெரியுது.