ஆயிலுக்குள் ஓடும் பெல்ட்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை திருடியது. சனிக்கிழமை எங்கள் ஊர்க் காபிக்கடையில் பக்கத்து மேசையில் ஒரு சண்டை. பழைய கார் இன்ஜின் உசத்தியா, புது இன்ஜின் உசத்தியா என்று. இந்த ரொதோப்பி மலையில் ஆண்கள் தேர்தலுக்குக்கூட இவ்வளவு எச்சில் தெறிக்கப் பேசமாட்டார்கள்.

பேசியது ஓக்னியான். தேவாலயத்துக்குக் கீழே மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். வாயை மூடினால் உயிர் போய்விடும் என்று நினைக்கிற ரகம்.

"பழைய வண்டி தெனம் ஒரு மக்கர் பண்ணும், தெனம் சரியாயிடும். ஒரு ஸ்பேனர், ஒரு கம்பித் துண்டு, நாலு கெட்ட வார்த்தை, முடிஞ்சுது. புதுசு லேசுல கெடாது. கெட்டுச்சுன்னா பொணந்தான். இறக்கி வெச்சுட்டு ஒப்பாரி வைக்கணும்!"

"அப்போ பழசே நல்லதுங்கிறியா?" என்று யாரோ சீண்டினார்கள்.

"தெனம் வண்டிக்கு அடியில படுத்துக்கிடக்க ஒனக்கு ஆசைன்னா பழசு நல்லது. நான் சொல்றது அதில்ல. இப்ப சில வண்டில இன்ஜினுக்குள்ள ஒரு பெல்ட் வருது. ரப்பர் பெல்ட். அது எதுல ஓடுது தெரியுமா? ஆயிலுக்குள்ள! அதுக்குன்னு ஒரே ஒரு தினுசு ஆயில்தான் ஊத்தணும். வேற எதையாவது ஊத்தினா பெல்ட் ஊறி, பிஞ்சு, தூளா உதிரும்."

(எந்தக் கம்பெனி வண்டி என்றும் சொன்னான். நான் எழுதப்போவதில்லை. வக்கீல் வைக்க எனக்கு வசதி கிடையாது.)

அந்தத் தூள் எங்கே போகும், என்ன செய்யும் என்பதையும் விவரமாகச் சொன்னான். அதைக் கதைக்கென்று பத்திரமாக வைத்துக்கொண்டு, காபியைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

2

முதல் தொடக்கம்: "மலைப்பாதை ஒரு பாம்பைப்போல—" வேண்டாம். மலைப்பாதையைப் பாம்பாக்காத எழுத்தாளர் இந்த நாட்டில் மிச்சமில்லை.

இரண்டாவது: "தெல்ச்சோவுக்குத் தன் மருமகனைப் பிடிக்காது." இது பொய். பிடிக்காமல் இல்லை, பயம். மருமகன் முகம் சுளித்தால் மகள் வரமாட்டாள், பேத்தி வரமாட்டாள் என்கிற பயம்.

மூன்றாவது: "தெல்ச்சோவின் மருமகன் காரைப் பூட்டிய பிறகும் ஒருமுறை அதைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் மாமனார் வீட்டுக்குள் நுழைவான்." இது நிற்கிறது. வைத்துக்கொள்வோம்.

இனிமேல்தான் சிக்கல். தெல்ச்சோ மருமகனின் புது காரில் டிராக்டர் ஆயிலை ஊற்ற வேண்டும், அதுவும் அவனுக்குத் தெரியாமல். ஏன் ஊற்றுவார்? முட்டாளா? முட்டாளை வைத்துக் கதை எழுதுவது எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் எங்கள் ஊரில் இதற்கு முட்டாளாக இருக்கத் தேவையில்லை. வந்தவர்களின் வண்டியை வெறுமனே திருப்பி அனுப்புவது இங்கே அவமானம். டிக்கியில் உருளைக்கிழங்கு மூட்டை, மிளகாய் விழுது ஜாடிகள், வீட்டில் வடித்த ரக்கியாச் சாராயம். டிக்கி நிறைந்த பிறகும் மனசு நிறையவில்லை என்றால் ஆண்கள் பானட்டைத் திறந்துவிடுவார்கள். தண்ணீர் பார்ப்பார்கள், ஆயில் மாற்றுவார்கள். மகளைக் கட்டிப்பிடித்து அழத் தெரியாதவர்கள் வேறு என்ன செய்வார்கள், பாவம்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆயில் எப்படி மாற்றுவது என்று எழுத ஒருவரைக் கேட்டாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் பக்கத்து வீட்டு ஸ்தாமென் அண்ணனைக் கூப்பிட்டேன். கூட்டுறவுப் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர்.

அன்று அவருக்குக் கொண்டாட்டம். மகள் ருமியானா, மருமகன் கலோயன், பேத்தி மூவரும் வந்து தங்கிவிட்டு அப்போதுதான் கீழே பிளொவ்திவ் நகரத்துக்குக் கிளம்பியிருந்தார்கள். கார் நகர்ந்ததும் ஸ்தாமென் செப்புக்குடத்துத் தண்ணீரைப் பின்னால் வாசலில் ஊற்றியதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். தண்ணீர்போலத் தடையில்லாமல் பயணம் ஓட வேண்டும் என்பதற்காக. ஓராண்டுக்குப் பிறகு வந்திருக்கிறார்கள். போன கோடையில் குழந்தையையும் காரையும் அவரிடம் விட்டுவிட்டுக் கணவனும் மனைவியும் வெளிநாடு போனார்கள். திரும்பி வந்தபோது குழந்தை தாத்தா மடியில் உட்கார்ந்து டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தது. கலோயன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவன்தான், அதன் பிறகு இப்போதுதான் எட்டிப்பார்க்கிறான்.

3

"படி, படி. என்னமோ கார்க் கதைன்னியே," என்று ஸ்தாமென் உட்கார்ந்தார். நேற்று சுட்ட பனித்ஸா, பாலாடைக்கட்டி அடை, இரண்டு துண்டு இருந்தது, தட்டில் வைத்துக் கொடுத்தேன்.

படித்தேன்: "மருமகன் ஊரில் இல்லாத நாளில் தெல்ச்சோ காரைக் கொட்டகைக்குள் கொண்டுவந்தார். அடியில் படுத்துப் பழைய ஆயிலை வடித்தார். பீப்பாயிலிருந்து டிராக்டர் ஆயிலை எடுத்து—"

"பீப்பாயா? பீப்பாயில இருக்கிறது கியர் ஆயிலும்மா. இன்ஜின் ஆயில் பச்சை டின்னுல. டின்னுன்னு எழுது."

எழுதிக்கொண்டேன். எவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறார் என்று சந்தோஷம் வேறு.

"மொதல்ல மேல ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைப் புடுங்கணும். அதைப் புடுங்கவே அரை நாள் ஆவும். இன்ஜினைப் பாக்கவே கூடாதுன்னு மூடி போட்டு வெச்சிருக்கானுங்க, திருட்டுப் பயலுக. அதையும் எழுது."

அதையும் எழுதிக்கொண்டேன்.

"அந்த ஆளு, தெல்ச்சோ, அவனுக்கு அது தப்பான ஆயில்னு தெரியுமா?"

"தெரியாதுண்ணே. ஆயில்னா ஆயில்தானேன்னு நெனைக்கிறாரு."

"ஆயில்னா ஆயில்தானே?"

"இந்த வண்டிக்கு அப்படி இல்லையாம். ஓக்னியான் சொன்னான். பெல்ட் ஆயிலுக்குள்ள ஓடுதாம். வேற ஆயில் பட்டா தூளா உதிருமாம்."

ஸ்தாமென் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "எந்த வண்டில?"

சொன்னேன்.

"எம்புட்டு நாளுல உதிரும்?"

"ஒரு வருஷம், அதுக்கு மேலன்னு ஏதோ சொன்னான். கதைக்கு அது முக்கியமில்லண்ணே."

(குறிப்பு: இந்த இடத்தில் உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. எழுதுகிறவளுக்குத் தன் வாக்கியம் எப்படி விழுகிறது என்பதில்தான் காது. எதிரே இருக்கிறவர் முகம் வெளுப்பதெல்லாம் கண்ணில் படாது.)

மேலே படித்தேன்: "உதிர்ந்த தூள் ஆயில் உறிஞ்சும் சல்லடையில் போய் அடைத்துக்கொண்டது. பிரேக்குக்குத் தெம்பு கொடுக்கும் சின்னப் பம்புக்கு ஆயில் போகவில்லை. மலை இறக்கத்தில் மகள் பிரேக்கை மிதித்தாள். அது கட்டையாட்டம் இறுகி—"

"நிறுத்து."

நிறுத்தினேன்.

"கட்டையாட்டம்னு நீயா எழுதினியா?"

"ஓக்னியான் சொன்னதுதாண்ணே. ஏன், நல்லா இல்லையா?"

"ருமியானா அதையேதான் சொன்னா. இப்ப, வாசல்ல, கெளம்பும்போது. 'காலைல கடைக்கு எடுத்தப்ப பிரேக்கு கட்டையாட்டம் இருந்துச்சுப்பா, அப்புறம் சரியாயிடுச்சு'ன்னா. நான் சிரிச்சேன். புது வண்டில்ல, மலைக் குளிருக்குச் சிணுங்குதுன்னு கேலி பண்ணினேன். தண்ணிய ஊத்தி அனுப்பிட்டேன்."

"அதுக்கு என்னண்ணே?"

"நீ சொன்ன அதே வண்டிதான் அவனோடது. போன கோடைல நான் அதுக்கு ஆயில் மாத்தினேன், தெஸ்ஸி. பச்சை டின்னுலேருந்து. அவங்க ஊர்ல இல்லாதப்ப. வண்டிய சும்மா நிறுத்தி வெச்சிருக்கோமே, புள்ளைக்கு ஏதாவது செய்வோம்னு. அவன்கிட்ட சொல்லல. கம்பெனி ஆளுங்க தவிர யாரும் கை வெக்கக்கூடாதுன்னு அவன் சட்டம் பேசுவான்."

படித்துக்கொண்டிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

4

"மீதியப் படி," என்றார். "என்ன ஆவுது?"

"அண்ணே, இது கதை. நான் சும்மா—"

"படிங்கிறேன்!"

படித்தேன். கதையில் தெல்ச்சோவுக்கு விஷயம் தெரியவருகிறது. மருமகனுக்குப் போன் செய்கிறார். உண்மையைச் சொல்லத் துணிவில்லை. வாசலில் ஆயில் ஒழுகியிருக்கிறது, வண்டியை நிறுத்திப் பார் என்று ஒரு பொய்யைச் சொல்கிறார். மருமகன் காரின் திரையைப் பார்க்கிறான். எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. "எல்லாம் சரியா இருக்கு மாமா, நீங்க கவலப்படாதீங்க" என்று வைத்துவிடுகிறான். கார் நிற்காமல் போகிறது.

அதன் பிறகு மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

(அ) ஊற்றுக்குழாய் இருக்கிற திருப்பத்தில் கார் புல்லில் ஏறி நிற்கிறது. எல்லோரும் இறங்கி முகம் கழுவுகிறார்கள்.

(ஆ) தடுப்புக் கம்பியில்—

(இ) தெல்ச்சோ போனே செய்வதில்லை. கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

"மூணாவது எதுக்கு?" என்று கேட்டார்.

"அதுதான் கதைக்குப் பலம்னு தோணுச்சு."

"பலமா! வண்டில மூணு உசுரு உக்காந்திருக்கு, ஒனக்குப் பலம் கேக்குதா?"

வெட்கமாகப் போய்விட்டது. முந்தின இரவு அந்த (இ)-யை எழுதி முடித்ததும் என் தோளை நானே தட்டிக்கொண்டதை அவரிடம் எப்படிச் சொல்வேன்?

5

ஸ்தாமென் முதலில் மகளைக் கூப்பிட்டார். ருமியானாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஓட்டுகிறவள் பைக்குள் போட்டிருப்பாள்.

"அவனுக்குத்தான் போடணும்," என்றேன்.

ஸ்தாமென் போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். "சொன்னேன்னா அவ்வளவுதான். இனி பேத்திய என் கண்ணுல காட்டமாட்டான். போன தடவ டிராக்டருக்கே ஒரு வருஷம் வரல. இது தெரிஞ்சா சாவுக்குக்கூட வரமாட்டான்."

"அண்ணே, நேரம் ஆவுது."

"ஆயில் ஒழுகியிருக்குன்னு சொல்லிப் பாக்கட்டுமா?"

"தெல்ச்சோவும் அதையேதான் சொன்னாரு."

"மருமவன் நம்பல?"

"நம்பல."

"நீ எழுதினதுனால நம்பல. வேற மாதிரி எழுதியிருந்தா நம்பியிருப்பான்."

"கலோயனை நான் எழுதலையேண்ணே. அவனப் பத்தி ஒங்களுக்குத் தெரியாதா? விளக்கு எரிஞ்சாதான் நம்புவான்."

ஆமாம் என்று தலையை இடவலமாக ஆட்டினார், எங்கள் நாட்டு வழக்கப்படி. பிறகு போனை என் கையில் திணிக்கப் பார்த்தார். "நீ பேசு. நீதானே ஆளுங்களப் பேச வெக்கிறவ. அழகாச் சொல்லு. என் பேரு வராமச் சொல்லு."

(இந்த இடத்தில் ஒரு கட்டுரைப் பத்தி வைத்திருந்தேன். பழைய இன்ஜின் மனிதர்களின் தப்பை நாள் கணக்காகப் பொறுத்துக்கொண்டு, இருமி, புகை கக்கி, முன்கூட்டியே புகார் சொல்லிவிடும். புது இன்ஜின் தப்பை வெளியே காட்டாமல் வைத்திருந்து ஒரே நாளில் மொத்தமாகக் கணக்கைத் தீர்க்கும் என்றெல்லாம். எடுத்துவிட்டேன். நீங்கள் அதைப் படித்து ரசிக்கிற நேரத்தில் அவர்கள் இன்னும் இரண்டு திருப்பம் இறங்கிவிடுவார்கள்.)

நான் போனை வாங்கவில்லை. கதாபாத்திரத்தின் வாயில் வார்த்தை வைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் வாயில் வைக்க எனக்கு என்ன உரிமை?

"என் பேச்சை அவன் கேக்கமாட்டாண்ணே," என்றேன். "ஊத்தினவங்க சொன்னாத்தான் நம்புவான்."

அவர் என்னை முறைத்தார். வாழ்நாளில் யாரும் என்னை அப்படி முறைத்ததில்லை. பிறகு எண்ணை அழுத்தினார்.

6

கலோயன் எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"சொல்லுங்க மாமா. ருமியானாதான் ஓட்டுறா, இறக்கத்துல இருக்கோம். எதையாவது மறந்துட்டு வந்துட்டோமா?"

பின்னால் குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

"இல்ல... சும்மாதான்... ஒண்ணுமில்ல, வாசல்ல ஆயி—" என்று ஆரம்பித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பொய் நான் எழுதியது. வார்த்தைக்கு வார்த்தை என்னுடையது.

அவர் நிறுத்தினார். மூச்சு வாங்கினார்.

"கலோயன், வெளக்கைப் பாக்காத, நான் சொல்றதைக் கேளு. போன கோடைல ஒன் வண்டிக்கு நான் ஆயில் மாத்தினேன். டிராக்டர் ஆயிலு. ஒனக்குத் தெரியாம மாத்தினேன். அது இன்ஜினுக்குள்ள பெல்டைத் தின்னுருக்கும். பிரேக்குப் புடிக்காமப் போயிடும். சின்ன கியர்ல போடச் சொல்லு, ரெண்டு காலாலயும் மிதிக்கச் சொல்லு, ஓரங்கட்டச் சொல்லு. நின்ன பெறவு என்னைய என்ன வேணா திட்டு. குழந்தையக் காட்டாட்டிப் போ. இப்ப நிறுத்து!"

பாட்டு நின்றது.

கலோயன் பதில் பேசவில்லை. ருமியானாவும் பேசவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"கலோயன்? ருமியானா? அடியே, ஏதாவது பேசு!"

ஸ்தாமென் போனைக் காதோடு அழுத்தி, இன்னொரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். அவருடைய பழைய டீசல் வண்டியாக இருந்தால் இதெல்லாம் தேவையே இல்லை. ஏறுகிறதா, இறங்குகிறதா, மூச்சுத் திணறுகிறதா என்று எதிர்மலையிலிருந்தே சொல்லிவிடுவார். இது புது வண்டி. ஓடினாலும் நின்றாலும் உள்ளே ஒரே அமைதி. அந்த அமைதியைத்தான் விளம்பரம் போட்டு விற்கிறார்கள்.

"தெஸ்ஸி," என்றார். போனை என் பக்கம் நீட்டினார். "எனக்குக் காது மந்தமாயிடுச்சு. நீ கேட்டுச் சொல்லு. ஓடுதா, நின்னுடுச்சா?"

போனை வாங்கிக் காதில் வைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். எனக்கும் தெரியவில்லை. தெரிந்ததாக எழுதிவிடலாம், அந்த வேலை எனக்கு நன்றாகவே வரும். அவர் எதிரே நின்று என் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார், அதனால் முடியவில்லை.

இந்தாருங்கள், நீங்கள் கேட்டுப் பாருங்கள்.