அந்த இருநூற்று ஐம்பத்திரண்டு

காரணம் தெரியாத சத்தத்தை மெஷின்காரியால் பொறுத்துக்கொள்ள முடியாது. வாஷிங் மெஷின் பழுது பார்ப்பது அவள் தொழில். கீழே கடை, மேலே வீடு. கடகடவென்று ஒரு மெஷின் வந்து இறங்கினால் எல்லாவற்றையும் பிரித்துத் தரையில் பரப்பி, கொண்டுவந்தவரைப் பயமுறுத்துகிற வேலையெல்லாம் அவளிடம் கிடையாது. முதலில் பெல்ட்டை மட்டும் மாற்றி ஓட விடுவாள். சத்தம் நின்றால் பெல்ட்தான் ஆசாமி. நிற்காவிட்டால் பழைய பெல்ட்டையே திரும்ப மாட்டிவிட்டு பேரிங்குக்குப் போவாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது திருடன் என்று கடைசிவரை தெரியாது என்பாள்.

அவள் புருஷன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவன். தெருவே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். பிரேக்குக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் பக்கத்தில் தினமும் எட்டு மணி நேரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காருகிறவன், வீட்டுப் படியில் இறங்கும்போதும் கைப்பிடியை விட மாட்டான். அப்படி ஒரு ஜாக்கிரதை. அது போதாதென்று அவளும் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டிருந்தாள். மாஸ்டர் ஏணி ஏறக் கூடாது. மாமனார் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து இறந்தார் என்று சம்பந்தம் பேச வந்த அன்றே மாமியார் சொல்லியிருந்தாள். அன்று மனதில் போட்டுக்கொண்டதுதான். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் பல்பு மாற்றுவது, ஃபேன் துடைப்பது, பரணில் ஏறுவது எல்லாம் அவள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் ஏணி வேலைதான் பாக்கி இருந்தது. கடையில் டியூப்லைட் மூன்று நாளாகக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் வகுப்புக்குப் போய்விட்டான், மகள் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். புது ஸ்டார்ட்டரை ஃபிரிட்ஜ் மேல் வைத்த ஞாபகத்தில் துழாவியபோது ஸ்டார்ட்டரோடு ஒரு கவரும் கையில் அகப்பட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து மாஸ்டர் பெயருக்கு வந்தது. தபால் முத்திரையைப் பார்த்தால் வந்து நாலு நாள் ஆகியிருக்கும், பிரிக்கவே இல்லை. கரண்ட் பில்லையே இரண்டு முறை படிக்கிற மனுஷன் இதை ஏன் பிரிக்காமல் வைத்தான் என்று யோசித்துக்கொண்டே பிரித்தாள். அந்த வீட்டில் யார் கவரையும் யாரும் பிரிக்கலாம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் இந்த ஆயுள் காப்பீட்டுப் பேச்சை எடுத்தது மாஸ்டர்தான். அது அவளுக்கே ஆச்சரியம். காசு செலவழிக்கிற விஷயத்தில் மட்டும் மழையில் நனைந்த பிறகு குடை வாங்குகிற ஆள் அவன். பாலிசிக்காரர் வந்தார், கம்பெனியின் இணையதளத்தை அவள் செல்போனில் திறந்து காட்டினார். வயது, வேலை, எடை, பழக்கவழக்கம் என்று வரிசையாகக் கேட்டது. அவள் தனக்குத் தெரிந்ததைத் தட்டத் தட்ட, மாஸ்டர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தான். மாதம் எண்ணூற்று நாற்பது என்று காட்டியது. இது உத்தேசம்தான், மெடிக்கல் டெஸ்ட்டும் முழு விண்ணப்பமும் போனபிறகுதான் உறுதியாகும் என்றார் பாலிசிக்காரர். விண்ணப்பத்தை மாஸ்டர் தனியாகப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

கடிதத்தில் மாதம் ஆயிரத்துத் தொண்ணூற்று இரண்டு என்று இருந்தது.

அதிகமாக வந்த அந்த இருநூற்று ஐம்பத்திரண்டு அவளுக்குப் பெரிதில்லை. ஒரு பம்ப் மாற்றினால் வந்துவிடும். ஆனால் சும்மா ஏற்ற மாட்டார்களே. மாஸ்டரைப் பற்றி ஏதோ ஒன்று முகம் தெரியாத கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லை. நோயா? கொஞ்ச நாளாகவே டீயில் சர்க்கரை வேண்டாம் என்கிறான், விடிந்ததும் நடக்கப் போகிறான். கார் கற்க வந்த யாரைப் பார்த்து மயங்கிவிட்டீர்கள் என்று அவள்கூடக் கிண்டல் செய்திருந்தாள். இப்போது அந்தக் கிண்டலில் சிரிக்க ஒன்றுமில்லை.

பாலிசிக்காரருக்குப் போன் போட்டாள். மனிதர் பிடி கொடுக்கவில்லை. விலை ஏற ஆயிரம் காரணம் உண்டு என்றார். வயசு, சிகரெட், எடை, குடி, பார்க்கிற வேலை, உடம்பில் இருக்கிற வியாதி, குடும்பத்தில் வந்த வியாதி என்று ஒப்பித்தார். அதில் எது என்று கேட்டால், உங்கள் வீட்டுக்காரர் எழுதியதை நான் சொல்லக் கூடாதம்மா, அவரையே கேளுங்கள் என்று போனை வைத்துவிட்டார்.

மாஸ்டர் வர மதியம் ஒரு மணி ஆகும். அதுவரை சும்மா இருந்தால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மூடி திறந்து கிடந்த ஒரு மெஷின் மேல் செல்போனை வைத்து அதே இணையதளத்தைத் திறந்தாள். முதலில் அன்றைக்குச் சொன்ன பதில்களையே போட்டாள். எண்ணூற்று நாற்பது. நல்லது, கம்பெனி விலையை மாற்றவில்லை. இனி ஒவ்வொன்றாக.

சிகரெட் பிடிப்பாரா என்ற இடத்தில் 'ஆம்' என்று தட்டினாள். ஆயிரத்து ஐந்நூற்று எண்பதுக்கு எகிறியது. அப்பாடா, திருட்டு சிகரெட் இல்லை. 'இல்லை' என்று திருப்பிவிட்டு எடையில் பத்துக் கிலோ கூட்டினாள். தொள்ளாயிரத்து ஐந்தில் நின்றது. அதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட, தொப்பையாக இருந்தால் தீர்ந்தது வேலை என்று நினைத்திருந்தாள். வேலையில் லாரி ஓட்டுநர் என்று போட்டாள். வெறும் அறுபதுதான் ஏறியது. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் பாடு கம்பெனிக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள். குடி, தொள்ளாயிரத்து முப்பது. விமானத்திலிருந்து குதிப்பது போன்ற பொழுதுபோக்கு உண்டா என்று ஒரு கேள்வி. கைப்பிடியை விடாத மனுஷனை நினைத்துச் சிரிப்பு வந்தது, அதையும் தட்டிப் பார்த்தாள். அதுவும் பொருந்தவில்லை. அடுத்து, சர்க்கரை வியாதி என்று தட்டினாள். ஆயிரத்து முந்நூறைத் தாண்டிவிட்டது. ரத்தக் கொதிப்பு, ஆயிரத்து நாற்பது. கிட்டத்தட்ட சரி என்று விட அவளுக்கு மனசு வராது. கிட்டத்தட்டப் பொருந்துகிற பேரிங் ஒரு வாரத்தில் திரும்பி வரும்.

மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. பெற்றோர், கூடப்பிறந்தவர்களில் யாராவது அறுபது வயதுக்குள் இருதய நோயால் இறந்ததுண்டா? அன்றைக்கு அவள் யோசிக்காமல் இல்லை என்று தட்டிய இடம். மாமியார் கல்லு மாதிரி இருக்கிறாள், மாமனார் ஏணியிலிருந்து விழுந்தவர். வேறு வழியில்லாமல் 'ஆம்' என்று தட்டினாள். யார் என்று கேட்டது. தந்தை. தொள்ளாயிரத்து எண்பத்தைந்து. இறந்தபோது வயது என்ன என்று கீழே இன்னொரு கட்டம் திறந்தது. நாற்பத்தைந்துக்குக் கீழ் என்பதைத் தொட்டாள்.

ஆயிரத்துத் தொண்ணூற்று இரண்டு.

மாடியில் கூடத்துச் சுவரில் மாமனார் படம் இருந்தது. அதில் ஒரு நரைமுடி கிடையாது. சின்ன வயதில் எடுத்த படம் போலிருக்கிறது என்றுதான் பன்னிரண்டு வருஷமாக நினைத்திருந்தாள். அதற்கப்புறம் எடுக்க அவர் இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

ஒரு மணிக்கு மாஸ்டர் ஷட்டருக்கடியில் குனிந்து வந்தான். பிரித்த கவரைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"மாமா எப்படிப் போனாரு?" என்றாள்.

"ஏணியிலேர்ந்து..."

"அது தெரியும். முழுசா சொல்லுங்க."

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"விழுந்தது நிஜம்தான். ஆனா விழுந்ததால சாகல. மேல நிக்கும்போதே உசிர் போயிடுச்சு, அப்புறம்தான் விழுந்தாரு. எனக்குப் பதினோரு வயசு. நான்தான் கீழ ஏணியைப் பிடிச்சிட்டிருந்தேன்."

"அவருக்கு என்ன வயசு?"

"நாப்பத்தொண்ணு."

மாஸ்டருக்கு வருகிற மாதம் நாற்பத்தொன்று முடிகிறது.

மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனான். நெஞ்சு வியாதி உள்ள வீடு என்று தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள் என்று அம்மா பாதியை மட்டும் சொன்னாளாம். கல்யாணம் ஆனதும் சொல்லிவிடலாம் என்று இருந்தானாம், அப்புறம் குழந்தை பிறக்கட்டும் என்று இருந்தானாம், அப்புறம் எந்த முகத்தோடு சொல்வது என்று விட்டுவிட்டானாம். அவள் ஏணி ஏறும்போதெல்லாம் குற்ற உணர்ச்சியாக இருக்கும் என்றான். அதைக் கேட்டுத்தான் அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. பன்னிரண்டு வருஷம் ஆபத்து வராத வாசலில் காவல் நின்றிருக்கிறாள். நெஞ்சு வலிக்கிறதா என்று ஒரு நாள் கேட்டிருப்பாளா?

"என்கிட்ட சொல்லாததை எவனோ ஒரு கம்பெனிக்காரன்கிட்ட எழுதிக் குடுத்திருக்கீங்க."

"அதுல பொய் எழுதினா நாளைக்கு உனக்கும் பாப்பாவுக்கும் ஒண்ணும் வராது. அதான்."

அவளிடம் மறைத்தது தனக்காக, அங்கே உண்மை எழுதியது அவளுக்காக. புரிந்தது. புரிந்ததால் கோபம் தணிந்துவிட்டது என்று சொல்ல முடியாது, அது அதன் இடத்தில்தான் இருந்தது.

கவரை ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டாள். டெஸ்ட்டில் நெஞ்செல்லாம் ஒயர் ஒட்டி ஓட விட்டார்களாம், ரத்தம் எடுத்தார்களாம், என்ன வந்தது என்று யாரும் சொல்லவில்லையாம். விலை ஏறியிருந்தால் தன் நெஞ்சிலும் அது இருக்கிறது என்று அர்த்தம், அதைப் பார்க்கப் பயம் என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஏறியிருக்கா?"

"ஏறியிருக்கு."

அவன் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். அதற்குமேல் கோபப்பட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. செல்போனை அவன் மடியில் வைத்து, எல்லாப் பதிலையும் முதலிலிருந்து தட்டினாள்.

"இது எவ்வளவு?"

"எண்ணூத்தி நாப்பது."

"இப்ப மாமாவை மட்டும் சேர்க்கறேன். வேற எதையும் தொடல. எவ்வளவு?"

"ஆயிரத்துத் தொண்ணூத்திரண்டு."

"கவர்ல?"

அவன் கடிதத்தை எடுத்தான். இரண்டு முறை படித்தான். அதே எண்தான்.

"உங்க நெஞ்சுலயோ ரத்தத்துலயோ எதையாவது கண்டுபிடிச்சிருந்தா இதோட நிறுத்தியிருப்பாங்களா? ஏத்தினது முழுக்க மாமா கணக்கு. உங்களை ஓட விட்டு, ஊசி குத்திப் பார்த்துட்டு உங்க கணக்குல ஒண்ணுமே ஏத்தல."

மாஸ்டர் கடிதத்தைச் செல்போனுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு எண்ணையும் ஒப்பிட்டான். பிறகு, "இன்னொரு தடவை போட்டுக் காட்டு" என்றான். அவள் போட்டுக் காட்டினாள். மறுபடியும் அதே. அவன் அழுதான். இருபத்தொன்பது வருஷமாக உள்ளேயே வைத்திருந்தது, சத்தமாகவே வந்தது. அவளும் அழுதாள். பாதி அவனுக்காக, பாதி இத்தனை நாள் தன்னை ஒரு மக்காக வைத்திருந்ததற்காக.

அவன் கணக்கில் கம்பெனி ஏற்றவில்லை என்பதால் விட்டுவிடுகிற ஆளா அவள். வருஷத்துக்கு ஒரு தடவை இருதய டாக்டரிடம் போயாக வேண்டும், முதல் தடவை இந்தச் செவ்வாய்க்கிழமையே, பாப்பாவையும் காட்டிக் கேட்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். தலைக்கு மேல் டியூப்லைட் மறுபடி கண்ணடித்தது.

அவள் போய் மூலையிலிருந்த ஏணியைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினாள். ஸ்டார்ட்டரை அவன் கையில் கொடுத்தாள்.

"ஏறுங்க."

அவன் அவளைப் பார்த்தான், ஏணியைப் பார்த்தான். பிறகு ஒவ்வொரு படியாக ஏறினான். அவள் கீழே நின்று இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றிப் புதியதைத் திருகினான். விளக்கு ஒரு தரம் மினுக்கி நன்றாக எரிந்தது. அவன் உடனே இறங்கவில்லை.

"மாசம் ஆயிரத்துத் தொண்ணூத்திரண்டு. கொஞ்சம் ஜாஸ்திதான், இல்ல?" என்றான் மேலே நின்றபடி.

"எழுபது வயசு வரைக்கும் கட்டணும்னு போட்டிருக்கு" என்றாள் அவள். "ஒரு மாசம்கூட விடாம கட்டுங்க."