வளைவில் ஒரு ஹாரன்

கடைசி பஸ் டெப்போவுக்குத் திரும்பும் வளைவில், பூட்டு சாவிக் கடைக்கு மேலே, ஒரே ஒரு அறையும் ஆள் திரும்ப முடியாத ஒரு சமையலறையுமாகக் கண்டக்டர் குடும்பம் குடியிருந்த காலம் அது. பக்கவாட்டில் இரும்புப் படிக்கட்டு. சன்னலைத் திறந்தால் பஸ்ஸின் கூரை கைக்கு எட்டிவிடும் போலிருக்கும். பிற்பாடு தாராளமான வீட்டுக்கெல்லாம் போய்விட்டார்கள். இருந்தும் இன்றைக்கு வரை அவர் வாய் தவறி "நம்ம வீடு" என்று சொன்னால் அது அந்த வளைவு வீட்டைத்தான்.

டெப்போவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ரைட்டு" என்றால்தான் தெரியும். பஸ்ஸைக் கிளப்புவதற்குச் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டில் சாப்பாடு போதும் என்பதற்கும் ரைட்டு, விளக்கை அணை என்பதற்கும் ரைட்டு. பெண் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கும் அதையேதான் சொன்னாராம். அவர் மனைவி அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவாள்.

மனைவிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வில்லைகளைத் தேய்த்து, சட்டத்துக்குள் பிசகாமல் உட்கார வைக்க வேண்டும். கண் அயர்ந்தால் கெட்டுப்போகிற வேலை. மகள் குட்டி பிறந்ததும் வீட்டோடு இருந்தவள், பிள்ளை நடக்கப் பழகியதும் கீழ்க் கடைக்காரர் வீட்டம்மாவிடம் விட்டுவிட்டு மறுபடி போக ஆரம்பித்திருந்தாள்.

எல்லாம் சரியாகத்தான் போயிருக்க வேண்டும். குட்டி ராத்திரி தூங்கியிருந்தால்.

விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிடுவாள். ஊரடங்கிய பிறகு, தாய்க்கு நல்ல தூக்கம் பிடிக்கிற நேரமாகப் பார்த்து, எழுந்து உட்காருவாள். அழமாட்டாள். தன் குட்டித் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் போய் நின்று "ப்பா" என்பாள். அப்பா வருகிற வரைக்கும் நிற்பாள், உட்காருவாள், கதவைத் தட்டுவாள், தாழ்ப்பாளை எட்டிப் பார்ப்பாள். திரும்பப் படுக்க வைத்தால் ரப்பர் பந்து மாதிரி எழுந்துவிடுவாள்.

அவளைத் தூங்க வைக்கத் தாய் செய்யாத வித்தை இல்லை. வயிறு நிறைய ஊட்டிப் பார்த்தாள். ஒருவேளை அதனால்தானோ என்று பாதி வயிறாக விட்டுப் பார்த்தாள். பகல் தூக்கத்தைக் கெடுத்தாள். அன்றைக்குச் சிணுங்கலும் சேர்ந்துகொண்டது. விளக்கை அணைத்தாள், ஏற்றினாள், திரையைக் கனமாக்கினாள். கீழ் வீட்டம்மா, "அழ விடு, ரெண்டு நாள் அழுதா மூணாம் நாள் தானா அடங்கிடும்" என்று யோசனை சொன்னாள். அழுகிற பிள்ளையை அழ விடலாம். அழவே அழாத பிள்ளையை என்ன செய்வது என்று இவள் திருப்பிக் கேட்டாள்.

ரைட்டுக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு பெருமை. டெப்போவில் பையை ஒப்படைத்துவிட்டு, கால் கடுக்க நடந்து வந்து, அவர் இரும்புப் படியில் முதல் அடி வைக்கும்போதே மேலே தாழ்ப்பாள் விலகும். மகளும் மனைவியும் நிற்பார்கள். ஒருத்தி முகத்தில் சூரியன் உதித்திருக்கும், இன்னொருத்தி முகத்தில் அஸ்தமனம்.

"நான் வர்ற நேரம் அவளுக்கு எப்படியோ தெரியுது பாரேன். ரத்த பாசம்."

"உங்க ரத்தம் முழிச்சிக்கிட்டு இருக்கு. என் ரத்தம் சுண்டிப்போவுது" என்று அவள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போவாள்.

அதன் பிறகு நடப்பதுதான் அவருடைய நாளின் ருசியான பகுதி. பகலில் அவர் எழுந்திருக்கும்போது குட்டி கீழ் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பாள். அவள் எழுந்திருக்கும்போது அவர் வேலைக்குக் கிளம்பியிருப்பார். இந்த நடுராத்திரி ஒன்றுதான் இருவருக்கும் பொதுவாக வாய்த்தது. தலையணைகளை வரிசையாகப் போட்டால் பஸ். குட்டி முன் சீட்டில் உட்காருவாள். அவர் பொய்யாகத் தள்ளாடியபடி வந்து, விசிலை ஊதாமல் வாயில் கவ்விக்கொண்டு, "எங்க போவணும்?" என்று கேட்பார்.

"இங்க" என்பாள். தினமும் அதுதான். உலகத்தில் அவள் போக விரும்பிய ஒரே ஊர் அது.

தீர்ந்துபோன டிக்கெட் கட்டின் அட்டையில் ஒரு துண்டு கிழித்துக் கொடுப்பார். அதைக் கைக்குள் மூடிக்கொண்டு, பஸ் நகர்ந்த சிறிது நேரத்தில் அவர் மடியிலேயே சாய்ந்துவிடுவாள். பஸ் ஓடும் களைப்பு அவளுக்கும் உண்டு போலிருக்கிறது.

வாராந்திர விடுமுறை நாட்களில் மட்டும் அவள் விடிய விடியத் தூங்கினாள். அப்பாவை நாள் முழுக்கப் பார்த்து மனசு நிறைந்துவிட்டது, அதனால்தான் என்று இருவரும் முடிவு கட்டினார்கள். அவருக்குப் பெருமை இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

இப்படி இருக்கையில் ஒரு மழை நாளில் படியில் வழுக்கி அவருக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. வேறு கண்டக்டரைப் போட்டு பஸ் ஓடியது. இவர் காலில் கட்டோடு வீட்டில் படுத்திருந்தார். பகலெல்லாம் குட்டி அவர் மேலேயே ஏறி விளையாடினாள். இன்றைக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகத் தூங்குவாள் என்று சொல்லிக்கொண்டே மனைவி படுத்தாள்.

கால் வலியில் அவருக்குத்தான் தூக்கம் வரவில்லை. தூரத்தில் தன் பஸ் வருகிற உறுமல் கேட்டது. கரகரப்பை வைத்தே வண்டியை அடையாளம் கண்டுகொண்டார். வளைவுக்கு வந்தது. அப்புறம், வீட்டையே தூக்கிப் போட்ட மாதிரி, பாம் பாம் என்று இரண்டு ஹாரன்.

அவருடைய டிரைவர் அடித்தது. ரொம்ப நாளாகவே அந்த வளைவில் வரும்போதெல்லாம் டிரைவர் இரண்டு முறை அடிப்பார். எப்போதோ ஒரு சாயங்காலம் தாயின் இடுப்பில் இருந்து குட்டி சன்னல் வழியாகக் கை ஆட்டியதிலிருந்து வந்த வழக்கம். வார விடுமுறை இருவருக்கும் ஒரே நாள் என்பதால் அன்றைக்கு மட்டும் ஹாரன் கிடையாது. குட்டிக்கு அவர் பாம்பாம் மாமா. பஸ்ஸுக்குள் நிற்கிற ரைட்டுக்கு அந்த ஹாரன் இத்தனை நாளும் காதில் விழுந்ததே இல்லை. நாள் முழுக்க அதற்குப் பக்கத்திலேயே பிழைக்கிறவருக்கு அது மூச்சு விடுகிற சத்தம் மாதிரி. அடித்துப் போட்டாற்போல் தூங்குகிற மனைவிக்கும் அது சாலையில் போகிற ஆயிரம் சத்தத்தில் ஒன்று.

குட்டிக்கு அப்படி இல்லை. கண் திறப்பதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டாள். தலையணையை எடுத்துக்கொண்டு, இருட்டில் அப்பாவின் கட்டுப் போட்ட காலைத் தாண்டி, நேரே கதவுக்குப் போனாள்.

"ப்பா."

"குட்டி, நான் இங்கதாண்டா இருக்கேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். பாயில் படுத்திருக்கிறவரை ஒரு முறை, கதவை ஒரு முறை. இது யாரோ, நம்ம ஆள் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர் என்கிற மாதிரி மறுபடி கதவைப் பார்த்து நின்றுகொண்டாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாயோடு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வருவதற்கு முன்னால் அந்த அறையில் என்ன நடக்கிறது என்று அதுவரை அவர் பார்த்ததில்லை. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நிற்கிறாள். கதவில் காதை வைக்கிறாள். உட்கார்ந்தபடியே தலை தொங்குகிறது, நிமிர்கிறது. மனைவி கண்ணைத் திறக்காமலேயே எழுந்து வந்து, அவளுக்குப் பக்கத்தில் தரையில் குந்தி, முதுகைத் தட்டிக்கொண்டே தூங்கி விழுகிறாள். வெகு நேரம். அவர் டெப்போவிலிருந்து நடந்து வருகிற நேரம் முழுக்க, ஒவ்வொரு ராத்திரியும், இரண்டு பேரும் இப்படித்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

ரத்த பாசம் என்று சொன்னதெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்தது.

காலையில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். சொல்லவில்லை. கால் சரியாகி வேலைக்குப் போன பிறகும் சொல்லவில்லை. சொன்னால் ஹாரன் நிற்கும். ஹாரன் நின்றால் குட்டி தூங்குவாள். குட்டி தூங்கினால் தலையணை பஸ் ஓடாது. அப்புறம் மகளை எப்போது பார்ப்பது? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே போனார். வளைவு வரும்போதெல்லாம் அந்த இரண்டு சத்தமும் இப்போது அவர் காதில் விழுந்து தொலைத்தது.

ஒரு நாள் கண்ணாடிக் கடையிலிருந்து மனைவி சிரித்துக்கொண்டே வந்தாளாம். அன்று ராத்திரி கதவடியில் உட்கார்ந்து அதைச் சொன்னாள். இரண்டு பேருடைய வில்லைகளை மாற்றிப் போட்டுவிட்டாள். வாங்கிப்போன பாட்டு வாத்தியார் திரும்பி வந்து, "படிக்கட்டெல்லாம் நீந்துதும்மா" என்றாராம். முதலாளி சத்தம் போடவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் வீட்டிலேயே இருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் தன்மையாகச் சொன்னாராம்.

"அவர் நீந்துதுன்னு சொன்னப்போ எனக்குச் சிரிப்பு தாங்கல. எனக்கும் எல்லாம் அப்படித்தானே தெரியுது" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பேச்சு முடியுமுன் தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்தபடி தூங்கிவிட்டாள். டம்ளர் சாய்ந்து புடவை நனைந்தது. அதற்கும் எழுந்திருக்கவில்லை.

ரைட்டு டம்ளரை மெல்ல விடுவித்தார்.

மறுநாள் டீக்கடை பெஞ்சில் வைத்து டிரைவரிடம் சொன்னார். நீளமாகச் சொல்லவில்லை. வளைவில் இனி ஹாரன் வேண்டாம் என்றார், ஏன் என்றும் சொன்னார். டிரைவர் கல்யாணம் செய்துகொள்ளாத ஆள். டீயை ஊதிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"நான் பாப்பாவுக்கு குட்நைட் சொல்றதா நெனச்சிட்டு இருந்தேன் மாப்ள."

"தெரியும்."

"இத்தனை நாளா எழுப்பி விட்டுட்டு இருந்திருக்கேன். பிள்ளைங்க இருக்கற வீட்டைப் பத்தி எதையாவது தெரிஞ்சு வெச்சிருக்கேனா நான்." பிறகு டீயை ஒரே மடக்கில் குடித்தார். "உனக்கு வருத்தமில்லையா?"

"ரைட்டு" என்றார் இவர். அதற்கு என்ன அர்த்தம் என்று டிரைவர் கேட்கவில்லை.

அன்று ராத்திரி வளைவு வந்தபோது டிரைவர் வலது கையை ஹாரனிலிருந்து எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். கை பழக்க தோஷத்தில் தானாகப் போய்விடுமாம். வண்டி திருடன் மாதிரி பம்மிப் பம்மி வளைந்தது. சன்னலில் விளக்கு எரியவில்லை. பழகிப்போன உடம்பு, அன்றைக்கும் குட்டி எழுந்துவிட்டிருந்தாள், ஆனால் வெகு நேரம் கழித்து. அடுத்த நாள் புரண்டு படுத்தாளாம். அதற்கடுத்து ஒரு நாள் ரைட்டு படியேறியபோது தாழ்ப்பாள் விலகவில்லை.

மனைவி தாழ்ப்பாள் போடாமல் பூட்ட மட்டும் செய்திருந்த கதவை அவரே சாவி போட்டுத் திறந்தார். தாயும் மகளும் ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். மூடி வைத்திருந்த சாப்பாட்டைச் சத்தமில்லாமல் சாப்பிட்டார். குட்டியின் கையை விரித்துப் பார்த்தார், காலியாக இருந்தது. பையில் கிழித்து வைத்திருந்த அட்டைத் துண்டை அதில் வைத்து மூடினார். கை மூடிக்கொண்டது.

இரவெல்லாம் தூங்குகிற பிள்ளை விடியும் முன்னே எழுந்துகொள்ளும் என்பது அவருக்கு அதற்கப்புறம்தான் தெரிந்தது. அப்போதுதான் கண் அசந்தவரின் காதுக்குள் விசில் கிழித்தது. கையில் அட்டையோடு குட்டி நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். தலை சீவிக்கொண்டிருந்த மனைவி, "தூக்கம் போறது இனிமே உங்க முறை. வண்டியை எடுங்க" என்றாள். அவள் முகம் கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. அவர் தள்ளாடியபடி எழுந்து தலையணைகளை அடுக்கினார். அந்தத் தடவை தள்ளாட்டம் நிஜம்.

வெகு வருஷம் கழித்து பாம்பாம் மாமா ஓய்வு பெற்றார். குட்டி அப்போது உயரமாகி, பள்ளிக்கூடம் போய், பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பேன் என்று சண்டை போடுகிற வயதில் இருந்தாள். கடைசி நாள், கடைசி பஸ். வளைவுக்கு முன்னால் டிரைவர் திரும்பிப் பார்த்து, "மாப்ள, ஒரே ஒரு தடவை அடிச்சுக்கட்டா?" என்று கேட்டார்.

ரைட்டு தலையாட்டினார். இரண்டு ஹாரன். இருவரும் அண்ணாந்து சன்னலைப் பார்த்தார்கள். இருட்டாகவே இருந்தது. டெப்போவில் டிரைவரைக் கட்டிப்பிடித்து வழியனுப்பிவிட்டு அவர் நடந்து வந்தார். நல்லதுதான், பிள்ளை நன்றாகத் தூங்குகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இரும்புப் படியில் கால் வைத்ததும் மேலே தாழ்ப்பாள் விலகியது.

மனைவி நின்றுகொண்டிருந்தாள். கக்கத்தில் தலையணை.

"ஹாரனுக்குக் குட்டி அசையக்கூட இல்ல. எனக்குத்தான் முழிப்பு வந்துடுச்சு" என்றாள். பிறகு தலையணையைத் தரையில் போட்டு, அதில் உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

அவர் பையைத் துழாவினார். ஒரு அட்டை கிடைத்தது.

"எங்க போவணும்?"

"இங்கதான்" என்றாள் அவள்.