மூன்றாவதாக வர வேண்டிய கார்

"மூணாவதா வந்தா போதும். புரியுதா? மூணாவது."

"அதை ஏன் எங்கிட்ட சொல்றே? ஓட்டப்போறது நீதானே?"

"எனக்கு நானே சொல்லிக்கிறேன் சைலா. நீ பக்கத்துல நிக்கிறே, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு என் கணவன் இல்போ ஜன்னல் வழியாகக் காருக்குள் இறங்கினான். கதவுகளை வசந்தத்திலேயே பற்றவைத்து மூடியாயிற்று. பழைய ஜல்லிக் குவாரியின் மேல் ஆகஸ்ட் மாதத்துப் புழுதி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் பைன் மரங்கள், யாரோ பாதி அழித்துவிட்ட ஓவியம்போல் நின்றன. இறுதிச் சுற்றுக்கு ஆறு கார்கள் வரிசைக்கு வந்துகொண்டிருந்தன.

உலகத்திலேயே மலிவான கார் பந்தயம் ஃபின்லாந்தில் நாங்கள் ஓட்டும் இதுதான் என்று இல்போ எல்லோரிடமும் சொல்வான். விதி அப்படி. பந்தயம் முடிந்ததும், அன்றைக்கு ஓட்டிய யாரும் யாருடைய காரையும் இரண்டாயிரம் யூரோவுக்குக் கேட்கலாம். பெயர் எழுதிய சீட்டைப் பெட்டியில் போட்டால் போதும். சொந்தக்காரர் மறுக்க முடியாது. மறுத்தால் பந்தய லைசென்ஸ் போய்விடும். பலர் கேட்டால் குலுக்கல். இரண்டாயிரத்துக்குப் பறிபோகக்கூடிய காரில் எந்தப் பைத்தியக்காரன் பணத்தைக் கொட்டுவான் என்று நினைத்து, யாரோ ஒரு நல்ல மனிதர் இதை ஏற்படுத்தியிருக்க வேண்டும். அவருக்கு இல்போவைத் தெரியாது.

அந்தக் காரின் எஞ்சினுக்குள், வீட்டைச் சூடாக்கி வெந்நீரும் தரும் எங்கள் பாய்லர் இருக்கிறது. ஷாக் அப்சார்பர்களில் நாங்கள் விற்ற படகு இருக்கிறது. ஈஸ்டர் சமயத்தில் பாய்லர் உடைந்தபோது, புதியது வாங்க வைத்திருந்த பணம் ஏற்கெனவே எஞ்சினாக மாறியிருந்தது. அன்றிலிருந்து வெந்நீர் வேண்டுமென்றால், வெளியே இருக்கும் நீராவிக் குளியல் அறையான சானாவில் விறகு மூட்டுகிறோம். குளிர் வந்தால் என்ன செய்வது என்று கேட்டால், "குளிர் வரட்டும், பார்த்துக்கலாம்" என்பான். குளிர் ஏதோ வராமலும் போகக்கூடிய விருந்தாளி என்பதுபோல. முதியோர் இல்லத்தில் கூடுதல் நேரம் வேலை பார்த்து, நான் மறுபடி பாய்லருக்குச் சேர்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே சேர்ந்திருந்தது.

காரை யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக இல்போ அதை அசிங்கப்படுத்தினான். மாட்டுக் கொட்டகைக்கு அடித்த சிவப்பு பெயிண்ட் மிச்சத்தைத் துடைப்பம்போன்ற பிரஷ்ஷால் பூசினான். சுத்தியலால் பக்கவாட்டில் நசுக்கினான். நசுங்கல் இயற்கையாக இல்லை என்று தட்டி நிமிர்த்திவிட்டு மறுபடி நசுக்கினான். தொடக்கக் கோட்டில் எஞ்சினை இரும வைக்கவும் பழகிக்கொண்டான். பிறகு ஒவ்வொரு பந்தயத்திலும் கவனமாக மூன்றாவதாக வந்தான். "பாவம் இல்போ, அந்த டப்பாவை வெச்சுக்கிட்டு..." என்று ஊரே சொன்னது. அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வரும்போது அவன் முகத்தில் தெரியும் பெருமையை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

வசந்தத்தில் என்னையும் பெண்கள் பிரிவில் சேர்த்துவிட்டான். "ரெண்டு பேரும் சேர்ந்து ஏதாவது செய்யணும் சைலா" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரணம் பிறகுதான் புரிந்தது: அன்றைக்கு ஓட்டியவர்கள் மட்டுமே சீட்டுப் போடலாம். காரை யாராவது கேட்கும் ஆபத்து வந்தால் அவன் காருக்கு நானும் ஒரு சீட்டுப் போட வேண்டும். இங்கே எல்லோருடைய மனைவிகளும் இப்படித்தான் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். இறுதிச் சுற்று நடந்த அன்று காலை, பெண்கள் பந்தயத்தில் நான் கடைசியில் வந்தேன். என் காரை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பச்சைக் கொடிக்குச் சற்று முன்னால், பக்கத்துக் காரிலிருந்து ரைனே தலையை நீட்டினான். மர ஆலை வைத்திருப்பவன், எல்லாவற்றையும் வாங்கக்கூடியவன், மோசமானவன் அல்ல.

"இல்போ! மனசை விட்றாதேப்பா. அந்தத் தகர டப்பாவுக்கு மூணாவது இடமே பெரிய விஷயம். நீ ஓட்டுறதுல குறையே இல்ல, பாவம்."

ஆறுதலாகத்தான் சொன்னான். கோடை முழுக்க இல்போ உழைத்ததே இந்த வார்த்தைகளைக் கேட்பதற்காகத்தான். ஆனால் அவன் தலைக்கவசத்துக்குள் ஏதோ மாறியதை நான் பார்த்தேன்.

எஞ்சின் இருமவில்லை.

முதல் வளைவிலேயே இல்போ முன்னால் போய்விட்டான். மேட்டின் மேல் அந்த அசிங்கமான சிவப்புக் கார் தரையை விட்டு எழும்பி, ஒரு மூச்சு நேரம் மரங்களுக்கு நடுவே நின்று, பூனைபோல இறங்கியது. வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கத்தத்தான் நான் பெஞ்சின் மேல் ஏறினேன். "போ! போடா!" என்று என் வாய் கத்திக்கொண்டிருந்தது. அரைச் சுற்று இடைவெளியில் ஜெயித்தான்.

கைதட்டல் இல்லை. ஆட்கள் சீட்டுப் பெட்டி இருந்த அலுவலக ஜன்னல் பக்கமாக நடக்க ஆரம்பித்தார்கள். யாரும் ஓடவில்லை. சாசேஜ் வாங்கப் போவதுபோல, பைக்குள் கையை விட்டுக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி நடந்தார்கள்.

இல்போ காரை விட்டு இறங்கவே இல்லை.

"எத்தனை பேரு?"

"சாசேஜ் கடையில ஆளே இல்ல. எல்லாரும் அங்கதான்."

"ரைனே?"

"அவன்தான் முதல்ல நிக்கிறான்."

"சைலா... நீயும் போடு. சீக்கிரம்."

"எங்கிட்ட இருக்கிறது பாய்லர் காசு, இல்போ."

"விழுந்தாத்தானே காசு? அப்படியே விழுந்தாலும் அது எங்கிட்டத்தானே வரும்? வீட்டுக்குள்ளேயே இருக்கும்!"

போட்டேன்.

அலுவலக ஜன்னலில் இருந்த பிர்க்கோ, சீட்டுகளைக் காப்பி டப்பாவில் போட்டுக் குலுக்கினாள். ஒரு சீட்டை எடுத்துத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள்.

"சைலா."

இல்போ என்னைத் தூக்கிச் சுற்றினான். பிர்க்கோ முன்னிலையில் நான் ஃபோனிலிருந்து பணத்தை அனுப்ப, அவன் சட்டைப்பையில் அவன் ஃபோன் சிணுங்கியது. காரின் சாவி என் உள்ளங்கைக்கு வந்தது. விதிப்படி எல்லாம் முடிந்தது.

"பார்த்தியா? இதைவிட நல்லா அமையுமா?" ஃபோனைத் தட்டிக்கொண்டே, காரை ஏற்றி வந்த ட்ரெய்லரை நோக்கி நடந்தான். "கார் நம்மகிட்ட. கையில ரெண்டாயிரம். இதை வெச்சு கியர் பாக்ஸை மாத்திட்டா..."

நான் நின்றுவிட்டேன். அவன் கவனிக்கவில்லை. ரைனே கவனித்தான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"சைலா, விதியெல்லாம் குலுக்கலோட முடிஞ்சுபோச்சு. இனிமே உன் கார், உன் விலை. ஒன்பதாயிரம் தரேன். இப்பவே."

இல்போ திரும்பி வந்து வாய்விட்டுச் சிரித்தான். "ஒன்பதாயிரமாம்! அந்தத் தகர டப்பாவுக்கா? சொல்லு சைலா, அவன்கிட்ட சொல்லு!"

நான் காரைப் பார்த்தேன். எஞ்சின் இன்னும் சூடாக இருந்தது. முன்மூடியின் மேல் காற்று நெளிந்தது. அந்தச் சூட்டில் கையை வைத்துக்கொண்டேன். மரங்களுக்கு நடுவே அது நின்ற அந்த ஒரு மூச்சு நேரம் நினைவுக்கு வந்தது. கூடவே, சானாவிலிருந்து வாளியில் வெந்நீர் தூக்கி வரும் பாதையும், அதில் விழப்போகும் பனியும்.

இல்போவின் சிரிப்பு நின்றது. என் முகத்தைப் பார்த்தான், பிறகு என் மூடிய கையை.

"சைலா," என்றான் மெதுவாக, கையை நீட்டியபடி. "சாவியைக் குடும்மா. வண்டியை ஏத்திட்டு வீட்டுக்குப் போகலாம்."