திலகாவுக்கு இரண்டாவது ஊசி

செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டும் தர்மராஜுக்கு எதையும் மனைவி பெயரில் பதிந்துதான் பழக்கம். மோட்டார் சைக்கிளும் காரும் திலகா பெயரில். கரண்ட் பில் திலகா பெயரில். பக்கத்து வீட்டு நீலாவதி நடத்தும் கூட்டுச் சீட்டில் மாதாமாதம் காசு கட்டுவதும் திலகா பெயரில்தான். தன் பெயரில் இருப்பது போலீஸ் சம்மன் மட்டும் என்று அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

ஆகவே கோலா பிலா மிருகக் கிளினிக்கில், நாய்க்குட்டியை மடியில் வைத்திருந்தவனிடம் கவுண்டர்ப் பெண் "பேரு?" என்று கேட்டபோது, வாய் தானாகவே "திலகா" என்றது. போன் நம்பரும் அவளுடையதையே கொடுத்துவிட்டு வந்தான்.

மூன்று வாரம் கழித்து, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த திலகாவின் போனுக்கு மலாயில் ஒரு செய்தி வந்தது. அதைத் தமிழாக்கி, நீலாவதி வீட்டுக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள்.

"திலகாவுக்கு ரெண்டாவது தடுப்பூசி போடும் நாள் வந்துவிட்டது. பூச்சி மருந்தும் கொடுக்கப்படும். தயவுசெய்து கயிறு கட்டிக் கூட்டிட்டு வரவும்."

தர்மராஜ் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்துக்குள் தலையைப் புதைத்தான்.

"ஏங்க, மொத ஊசி போட்டதே எனக்குத் தெரியலையே. எந்தக் கையில போட்டாங்க?"

"அது குட்டிக்குத்தான்லா. வாய் தவறிருச்சு."

வேலிக்கு அந்தப் பக்கம் நீலாவதி சிரித்த சிரிப்பில் கோழிகள் கலைந்து ஓடின.

குட்டி அவனுக்குக் கிடைத்தது தோட்டத்தில். வெட்டிப்போட்ட மட்டைக் குவியலுக்கடியில் ஈரத்தில் நடுங்கிக் கிடந்தது. தர்மராஜ் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்த அன்றே திலகா சொல்லிவிட்டாள்: "ஒரு வாரந்தான். அப்புறம் ரெம்பாவ்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரணும்." ஒரு வாரம் ஒன்றரை மாதமாயிற்று. அவனுடைய வலது கால் பூட்ஸ் குட்டிக்குக் கட்டிலாகிவிட்டதால், அவன் இப்போது ஜப்பான் சிலிப்பர் செருப்போடுதான் லோரி ஏறுகிறான். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் திட்டினாலும் குட்டியை எழுப்ப மனசு வரவில்லை.

"வச்சுக்கலாமா?" என்று தினமும் கேட்டான். "பாப்போம்" என்றாள். இருபது வருடக் குடித்தனத்தில் அவளுடைய "பாப்போம்" எதில் போய் முடியும் என்று அவன் கண்டுபிடித்ததே இல்லை. ஒரு பாப்போமில் வாஷிங் மெஷின் வந்தது. இன்னொரு பாப்போமில் அவனுடைய தூண்டில் காணாமல் போனது.

"செலவுக்கு என்ன வழி வச்சிருக்கீங்க?" என்றாள் இப்போது.

"மொத்தம் மூணு ஊசி. அப்புறம் வருசத்துக்கு ஒண்ணு. ஞாயித்துக்கிழமையும் லோரி ஓட்டுறேன். சிகரெட்ட விட்டுர்றேன்."

"அதத்தான் வருசா வருசம் விடுறீங்களே."

"இந்த வாட்டி ஒரு ஜீவனுக்காக விடுறேன்."

"அப்ப இத்தன நாளா நான் என்ன ஜீவன்?"

அவன் பொட்டலத்து இலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தான்.

சனிக்கிழமை திலகாவும் கிளம்பினாள். கிளினிக் பதிவிலிருந்து தன் பெயரை எடுக்க மட்டும்தான் வருவதாகச் சொன்னாள். ஆனால் காரில் ஏறியதும் குட்டியைப் பழைய சாரோங்கில் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் டான்யா சின்னப் பெண். ஊசி இறங்கியதும் குட்டி கீச்சென்று கத்தி, திலகாவின் முழங்கை மடிப்புக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டது.

"அவ்வளவுதான்டா, அவ்வளவுதான்," என்றாள் திலகா. அந்தக் குரலைத் தர்மராஜ் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

"அண்ணே, கடைசி ஊசி முடியிற வரைக்கும் வெளி நாய்ங்ககூடச் சேர விடாதீங்க," என்றாள் டாக்டர். "அதுக்கும் இங்கதானே வருவீங்க? இல்ல வேற ஊருக்குக் குடுக்கப் போறீங்களா?"

தர்மராஜ் திலகாவைப் பார்த்தான்.

திலகா டாக்டரிடம் கேட்டாள். "ஊசியெல்லாம் போட்டா ரத்தமா கழியிற அந்த நோய் வராதாம்மா? முன்னாடி கருப்பன்னு ஒரு நாய் வச்சிருந்தோம். ஊசி கீசின்னு அப்பத் தெரியாது. கரண்டியில தண்ணி ஊத்தி ஊத்திப் பாத்தேன். எங்கையிலயே போயிருச்சு."

"வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன்க்கா. ஆனா சரியா ஊசி போட்ட குட்டிங்களுக்கு அது வர்றது ரொம்ப ரொம்பக் குறைவு."

கருப்பனைத் தர்மராஜ்தான் மரத்தடியில் புதைத்தான். அதன் பிறகு திலகா அந்த நாயின் பெயரைச் சொன்னதே இல்லை. மறந்துவிட்டாள் என்றுதான் இந்த மடையன் இத்தனை நாளும் நினைத்திருந்தான். காசுக்காகத்தான் இழுத்தடிக்கிறாள் என்று ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கெல்லாம் திட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.

"திலகா," என்றான் மெதுவாக. "உனக்கு முடியாதுன்னா இன்னைக்கே ரெம்பாவ்ல கொண்டுபோய் விட்டுட்டு வந்துர்றேன். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். நீ சொல்லு."

அவள் குட்டியின் ஈர மூக்கைச் சாரோங் முனையால் துடைத்தாள்.

"வச்சுக்கலாங்க," என்றாள். "அண்ணங்கிட்ட நான் பேசிக்கிறேன்."